நீலப் பலகையும் கறுப்புப் பலகையும்

விஜயநகர் இரண்டாம் கட்டத்தில் வாழும் நம் சங்கத்து மூத்த அன்பர் ஒருவர், சென்ற திங்கள் கூட்டம் முடிந்தபின் எம்மைத் தனியே அழைத்து, மடித்து வைத்திருந்த இரண்டு காகிதங்களை எம் கையில் கொடுத்தார். அவர் இல்லத்து மாடியில் சூரியப் பலகை அமைத்துத் தருவதற்கு இரு வணிகர்கள் எழுதிக் கொடுத்த விலைக் குறிப்புகள் அவை. ஒன்றில் 'பாலி' என்றும் மற்றொன்றில் 'மோனோ' என்றும் எழுதியிருந்தது. முதல் வணிகர், "நம் ஊர் வெயிலைப் பாலிதான் தாங்கும், விலையும் குறைவு, கையிருப்புத் தீருமுன் முன்பணம் கட்டிவிடுங்கள்" என்றாராம். இரண்டாமவர், "பாலியெல்லாம் பழங்கதை, மோனோ போட்டால் இரண்டு பங்கு மின்சாரம் கிடைக்கும்" என்றாராம். பணமோ, பணி ஓய்வு பெற்ற நாளில் அன்பரின் கைக்கு வந்த தொகையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியது. "தம்பி, இவ்விருவரில் யார் சொல்வது மெய்?" என்று அவர் கேட்டார்.

இவ்வினா அவர் ஒருவருக்கே உரியதன்று. விஜயநகரில் சொந்த வீடு கட்டிக்கொண்ட நம்மவர் பலருடைய மாடிகளில் சூரிய வெப்பத்தால் வெந்நீர் தரும் கலம் முன்பே இடம் பெற்றுவிட்டது. இப்பொழுது மின்சாரத்திற்கான பலகையும் ஏறத் தொடங்கியிருக்கிறது. சில மாடிகளில் அது நீலமாகவும், சில மாடிகளில் கறுப்பாகவும் தோன்றுகிறது. இந்நிற வேறுபாட்டின் பொருள் என்னவென்று அறியாமல் பணத்தை எண்ணிக் கொடுப்பது நன்றன்று. யாம் இத்துறையில் வல்லுநர் அல்லோம், இரயில்வே எழுத்தர். ஆயினும் நூல்களைப் படித்தும் அறிந்தோரைக் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை ஈண்டு எழுதுகின்றோம். இரு வணிகர் சொன்னதும் மெய்யன்று என்பதே யாம் கண்ட முடிவு.

மணலிற் பிறந்த மின்சாரம்

நீலப் பலகைக்கும் கறுப்புப் பலகைக்கும் மூலப்பொருள் ஒன்றே. அது சிலிக்கன் என்னும் தனிமம். நிலவுலகின் மேலோட்டில் ஆக்சிஜனுக்கு அடுத்தபடியாக மிகுதியாய் இருப்பது இதுவே. மணலில் ஆக்சிஜனோடு கூடிக் கிடக்கும் இதனைக் கரியோடு சேர்த்து மின் உலையில் இட்டுப் பிரிக்கின்றனர். பின்னர் வேதி முறைகளால் தூய்மை செய்து, கலப்பு ஏறத்தாழ முற்றும் நீங்கிய நிலைக்குக் கொண்டுவருகின்றனர். இவ்வாறு கிடைக்கும் தூய பொருளுக்குப் 'பாலிசிலிக்கன்' என்று பெயர். இப்பெயரைக் கண்டு மயங்கலாகாது. பாலிப் பலகைக்கு மட்டுமன்றி மோனோப் பலகைக்கும் இதுவே கச்சாப் பொருள்.

சிலிக்கனைக் கொண்டு பயன் தரத்தக்க சூரிய மின்கலத்தை முதன்முதலிற் செய்து காட்டியவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர். ஆண்டு 1954. தன்மேல் விழுந்த ஒளியின் ஆற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை மட்டுமே அக்கலம் மின்சாரமாக மாற்றியது. நம் நாட்டில் 1977ஆம் ஆண்டு, சாகிபாபாத்தில் உள்ள சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் என்னும் அரசு நிறுவனம் முதற் சூரிய மின்கலத்தைச் செய்தது. அடுத்த ஆண்டில் முதற் பலகையையும் செய்தது.

மைசூரில் வாழும் தமிழர் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. 1980களில் மேட்டூரில் மெட்கெம் சிலிக்கன் என்னும் ஆலை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உருவான நுட்பத்தைக் கொண்டு பாலிசிலிக்கன் செய்தது. நம் ஊருக்கு அருகே கண்ணம்பாடி அணையைக் கடந்து செல்லும் காவிரி தேங்கி நிற்கும் அதே மேட்டூர்தான். நீரைப் போலவே இத்தொழிலறிவும் அன்று கருநாடகத்திலிருந்து அங்குச் சென்றது.

கற்கண்டும் வெல்லமும்

தூய சிலிக்கனை 1414 டிகிரி வெப்பத்தில் உருக்குகின்றனர். உருகியதை எவ்வாறு உறையச் செய்கின்றனர் என்பதிலேதான் இருவகைப் பலகைக்கும் உள்ள வேறுபாடு பிறக்கிறது.

இதனை நம் வீட்டுப் பொருள்களைக் கொண்டே விளக்கலாம். கற்கண்டு செய்வோர் சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டுப் பொறுமையோடு காத்திருப்பர். படிகம் நூலைப் பற்றிக்கொண்டு ஒழுங்காக வளரும். வெல்லம் காய்ச்சுவோர் பாகை அச்சில் ஊற்றிவிடுவர். அது சிறுசிறு மணிகளாக ஒன்றோடொன்று ஒட்டி உறையும்.

ஒற்றைப் படிகச் சிலிக்கன் கற்கண்டு போன்றது. உருகிய சிலிக்கனில் விரல் போன்ற சிறு விதைப் படிகத்தின் நுனியை நனைத்து, சுழற்றிக்கொண்டே மிக மெதுவாக மேலே இழுக்கின்றனர். பல மணி நேரத்தில் உருளை வடிவான ஒரே படிகம் தொங்கி வளர்கிறது. இம்முறையைக் கண்டவர் போலந்து நாட்டைச் சேர்ந்த யான் சொக்ரால்ஸ்கி, ஆண்டு 1916. மைக்கூட்டில் தோய்க்க வேண்டிய பேனாவை மறதியாக உருகிய வெள்ளீயத்தில் தோய்த்து எடுத்தபோது, அதன் முனையில் மெல்லிய ஈய இழை தொங்குவதைக் கண்டே அவர் இவ்வழியை அறிந்தார் என்று சொல்வர். உருளையைச் சீவினால் வட்டத் தகடுகளே கிடைக்கும். பலகையில் நெருக்கமாக அடுக்குவதற்காக அவற்றின் ஓரங்களை வெட்டிச் சதுரமாக்குவர். மூலைகள் மட்டும் சற்று மழுங்கியிருக்கும். மோனோப் பலகை பலவற்றில் கலங்களின் மூலைகள் கூடும் இடத்தில் வெண்மையான சிறு வைரவடிவம் தென்படுவது இதனாலேயே.

பல்படிகச் சிலிக்கன் வெல்லம் போன்றது. உருகியதைச் சதுரமான பெருங்கலத்தில் அடியிலிருந்து மேலாக உறையவிடுகின்றனர். எண்ணற்ற படிக மணிகள் வெவ்வேறு திசை நோக்கி உறைந்து ஒரு பாளமாகின்றன. அப்பாளத்தை அறுத்துச் சீவினால் தகடுகள் நேராகவே சதுரமாகக் கிடைக்கும். செய்முறை எளிது, எரிபொருட் செலவும் குறைவு. இதுவே 'பாலி'. இருவகையிலும் தகடு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கினும் மெல்லியது.

நிறத்திற்கும் காரணம் இதுவே. ஒற்றைப் படிகத் தகட்டைக் காரநீரில் அரித்தால் அதன் முகமெங்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு கூம்புகள் ஒரே ஒழுங்காக எழும். அவற்றிடையே விழுந்த ஒளி எளிதில் வெளியேறாது. ஆதலின் கலம் கறுப்பாகத் தோன்றுகிறது. பல்படிகத்தில் மணிகள் பல திசை நோக்குவதால் அவ்வொழுங்கு அமைவதில்லை. சிறிது ஒளி திரும்பிவிடுகிறது. சில்லுகள் பதித்தாற்போன்ற நீலம் நம் கண்ணுக்குப் படுகிறது.

பாதை மாறும் இடம்

ஒளி படும்போது சிலிக்கனில் கட்டுண்டிருந்த எலெக்ட்ரான்கள் விடுபட்டு ஓடுகின்றன. அவ்வோட்டமே மின்சாரம். ஒற்றைப் படிகத்தில் வழி நெடுகிலும் ஒரே ஒழுங்கு. பல்படிகத்திலோ ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்குச் செல்லும் எல்லையில் ஒழுங்கு முறிகிறது. அங்கே சில எலெக்ட்ரான்கள் சிக்கி, பயன்படாமற் போகின்றன.

சென்னையிலிருந்து இவ்வூருக்கு நம் பெற்றோர் வந்த வழியை நினைத்தால் இது எளிதில் விளங்கும். சென்னையிலிருந்து பெங்களூரு வரை அகலப் பாதை. பெங்களூரிலிருந்து மைசூருக்கு மீட்டர் பாதை. 1990களில் இப்பாதை அகலமாக்கப்படும்வரை, பெங்களூரில் இறங்கி மூட்டை முடிச்சுகளை மற்றொரு வண்டிக்கு மாற்ற வேண்டியிருந்தது. மாற்றும் இடத்தில் ஒரு பை தவறும். ஓர் ஊறுகாய்ச் சாடி உடையும். ஒரே பாதையாக இருந்தால் அவ்விழப்பு இல்லை. பல்படிகத்தில் உள்ள ஒவ்வோர் எல்லையும் அத்தகைய பாதை மாறும் இடமே.

இவ்விழப்பு எவ்வளவு? சந்தையில் வந்த பாலிப் பலகைகள் தம்மேல் விழும் ஒளியில் பெரும்பாலும் 15 முதல் 17 விழுக்காட்டை மின்சாரமாக்குவன. இன்றைய மோனோப் பலகைகள் 20 முதல் 22 விழுக்காடு வரை தருகின்றன. சிலிக்கன் கலம் ஒன்றால் கொள்கை அளவில் எட்டக்கூடிய உச்சவரம்பே ஏறத்தாழ 29 விழுக்காடுதான் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இரு வணிகர் சொல்

நிற்க. இனி வணிகர்களின் கூற்றை நிறுத்துப் பார்ப்போம்.

மோனோ இரண்டு பங்கு மின்சாரம் தரும் என்பது முதலில் ஆராயத்தக்கது. பலகையை விற்போர் அதன் திறனை வாட்டு என்னும் அளவால் குறித்து விற்கின்றனர். ஒரு கிலோவாட் பாலியும் ஒரு கிலோவாட் மோனோவும் நம் பகுதியில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரமே தரும். ஒரு மணங்கு இரும்பும் ஒரு மணங்கு பஞ்சும் எடையில் ஒன்றே. பஞ்சு வண்டியில் அடைக்கும் இடம்தான் மிகுதி. பாலி அந்தப் பஞ்சு மூட்டை போன்றது. 3 கிலோவாட் அமைப்பிற்கு 17 விழுக்காட்டுப் பாலிப் பலகைகள் ஏறத்தாழ 190 சதுர அடியை அடைக்கும். 21 விழுக்காட்டு மோனோப் பலகைகளுக்கு 154 சதுர அடி போதும். வேறுபாடு 36 சதுர அடி. ஒரே அளவு இடத்தில் மோனோ நாலில் ஒரு பங்கு அளவு மிகுதியாகத் தரும் என்பதே மெய். இரண்டு பங்கு என்பது மிகைக்கூற்று.

நம் வெயிலைப் பாலிதான் தாங்கும் என்ற மற்றவர் சொல்லும் நில்லாது. பலகைகளின் திறனை 25 டிகிரி வெப்பத்தில் அளந்தே அச்சிடுகின்றனர். கோடையின் நண்பகலில் மாடியிலுள்ள கலம் 60 டிகிரியை எட்டுவது உண்டு. வெப்பம் ஒரு டிகிரி ஏறுந்தோறும் பாலி ஏறத்தாழ 0.40 விழுக்காடும், மோனோ 0.35 விழுக்காடும் திறன் குறையும். 35 டிகிரி ஏறினால் பாலிக்கு இழப்பு 14 விழுக்காடு. மோனோவுக்கு 12 விழுக்காட்டை ஒட்டியது. வெயிலிற் சற்று நன்றாக நிற்பது மோனோவே. ஆனால் வேறுபாடு சிறிது.

நிழலும் தூசியும் இருவகைக்கும் ஒரே பகை. கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், நீர்த்தொட்டியின் நிழலோ அண்டை வீட்டுத் தென்னையின் நிழலோ பலகையின் ஒரு பகுதியில் விழுந்தாலும், இழப்பு அப்பகுதியோடு நில்லாது. பலகை தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்து, நிழல் படாமல் நிற்பது, அது எவ்வகைப் பலகை என்பதைக் காட்டிலும் முதன்மையானது.

காலம் மாறிய விதம்

அவ்வாறாயின் பாலியை வாங்கினால் தவறென்ன என்று கேட்கலாம். பத்தாண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால், தவறில்லை என்றே சொல்லியிருப்போம். அக்காலத்தில் நம் நாட்டுச் சூரிய நிலையங்கள் பெரும்பாலானவற்றில் பல்படிகப் பலகைகளே இடம் பெற்றன. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016ஆம் ஆண்டு 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையம் எழுந்தது. நம் மாநிலத்துத் தும்கூர் மாவட்டம் பாவகடாவில் 13,000 ஏக்கரில், உழவர்களிடம் குத்தகைக்குப் பெற்ற நிலத்தில், 2,050 மெகாவாட் பூங்கா 2019இல் நிறைவுற்றது. மழை பொய்க்கும் இத்தகைய பரந்த நிலங்களில் சில அடி கூடக் குறைய ஆவதால் இடர் இல்லை. விலை குறைந்த பலகையே போதும். வீட்டு மாடியின் கணக்கு வேறு.

அதன்பின் விலையும் மாறிவிட்டது. வைரத்துகள் பதித்த கம்பியால் ஒற்றைப் படிகத்தை மெல்லிதாகவும் சேதமின்றியும் அறுக்கும் முறை பரவியதும், மோனோவின் செலவு இறங்கியது. உலக உற்பத்தியில் 2020க்குள் மோனோ பாலியை முந்தியது. 2022க்குள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மோனோவே ஆயிற்று.

அரசின் விதியும் உடன் மாறியது. மைய அரசு தான் ஏற்கும் பலகைகளுக்கு 'ஏ.எல்.எம்.எம்.' என்னும் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. 2023 மே மாதத்தில், வீட்டுக் கூரைக்குரிய சிலிக்கன் பலகை அப்பட்டியலில் இடம் பெற 19.5 விழுக்காட்டுத் திறனேனும் வேண்டும் என்று வரையறுத்தது. 17 விழுக்காட்டுப் பாலிக்கு அங்கே இடமில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ. 30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ. 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் ரூ. 78,000 உதவித்தொகை உண்டு. அதனைப் பெறப் பலகை மட்டுமன்றி அதனுள் இருக்கும் கலங்களும் இந்தியாவிற் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

நம் அன்பருக்கு முதல் வணிகர் காட்டிய மலிவு எங்கே மறைந்திருந்தது என்பது இப்பொழுது விளங்கும். பழைய கையிருப்பை அவர் குறைந்த விலைக்குத் தர முன்வந்தார். உதவித்தொகையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. விலையில் மீளும் தொகையைக் காட்டிலும் இழக்கும் ரூ. 78,000 பெரிதாயிருந்தது. இன்னொன்றும் உண்டு. பலகைக்கு 25 ஆண்டு உறுதி தருவது வழக்கம். பத்தாம் ஆண்டில் ஒன்று பழுதுபட்டால், உற்பத்தி நின்றுபோன வகைக்கு இணையான பலகையை எங்கே தேடுவது? பொருந்தாத பலகையை ஒரே தொடரில் இணைத்தால் வலுக்குறைந்ததன் அளவிற்கே மற்றவையும் இழுபடும்.

முன்பே நீலப் பலகை அமைத்தவர்கள் இதைப் படித்து வருந்த வேண்டியதில்லை. 25ஆம் ஆண்டின் முடிவிலும் ஏறத்தாழ 80 விழுக்காட்டுத் திறன் எஞ்சும் என்ற உறுதியோடுதான் அவையும் விற்கப்பட்டன. நன்றாக உழைக்கும் பலகையைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டச் சொல்வோருக்குச் செவி சாய்க்கலாகாது. காலை வேளையில், பலகை சூடேறுமுன், வெறும் நீரால் தூசியைக் கழுவி வந்தால் போதும்.

முதலிற் பார்க்க வேண்டியது

பலகையைப் பற்றிப் பேசுமுன் மின்கட்டணச் சீட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். 2023இல் தொடங்கிய கிருஹ ஜோதித் திட்டத்தின்படி, கருநாடகத்து வீடுகளுக்கு அவரவர் முந்தைய சராசரியை ஒட்டி, 200 யூனிட்டுக்கு உட்பட்ட அளவிற்குக் கட்டணம் இல்லை. 200ஐத் தாண்டிவிட்டால் முழுவதற்கும் செலுத்த வேண்டும். வரம்பிற்குள் அடங்கிய சிறு குடும்பம் கடன் வாங்கிப் பலகை வைப்பதில் பெரும் பயன் காணோம். நம் அன்பரின் இல்லத்தில் மகன் குடும்பமும் வந்து சேர்ந்தபின் திங்களுக்கு 340 யூனிட் ஆகிறது. 3 கிலோவாட் அமைப்பு திங்களுக்கு 360 யூனிட்டை ஒட்டித் தரும் என்பதால் அவருக்கு அது தகும். மழைக்காலத்திற் குறையும், கோடையிற் கூடும். பகலில் மிஞ்சுவது மின்வாரியத்துக் கம்பிக்குச் சென்று கணக்கில் வரவாகும்.

ஊரில் வீடு வைத்திருப்போருக்கும் இதே அறிவுரை. மைய அரசின் உதவித்தொகை அங்கும் இதே அளவு. தமிழ்நாட்டில் இரு திங்களுக்கு 100 யூனிட் வீடுகளுக்குக் கட்டணமின்றிக் கிடைப்பதையும், பூட்டிக் கிடக்கும் வீட்டிற்கு மின்சாரம் எதற்கு என்பதையும் எண்ணிப் பார்த்தபின் முடிவு செய்க.

விலைக் குறிப்பில் ஐந்து செய்திகள் எழுத்தில் இருக்க வேண்டும்: மொத்தத் திறன் எத்தனை வாட்டு, பலகையின் திறன் எத்தனை விழுக்காடு, அது ஏ.எல்.எம்.எம். பட்டியலில் உள்ளதா, கலங்கள் இந்தியாவிற் செய்தவையா, உறுதி எத்தனை ஆண்டு, அதனைத் தருபவர் யார். விண்ணப்பத்தை அரசின் தேசிய இணையதளத்தில் நாமே பதிவு செய்யலாம். உதவித்தொகை நேரே நம் வங்கிக் கணக்கிற்கு வரும். இடையில் எவருக்கும் அதில் பங்கில்லை.

இன்னும் ஒரு சொல். இக்காகிதங்கள் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ அமைகின்றன. நம் முதியோர் பலர் கன்னடம் நன்றாகப் பேசுவர்; படிக்க அறியார். படிக்கத் தெரியவில்லை என்று சொல்ல நாணி, காட்டிய இடத்திற் கையெழுத்திடுவோரையும் யாம் கண்டிருக்கிறோம். இளைஞர்கள் தம் வீட்டுப் பெரியோருடன் அமர்ந்து இவற்றை வரிவரியாகப் படித்துச் சொல்லல் வேண்டும். உடன் செல்ல ஆளில்லாதோர் மாதக் கூட்டத்திற்குக் காகிதங்களைக் கொண்டுவந்தால், இருந்து படித்துச் சொல்ல யாம் அணியமாயிருக்கிறோம்.

அன்பர் இல்லத்திற்கு யாம் சென்று மாடியை அளந்தோம். நீர்த்தொட்டிக்கும் வெந்நீர்க் கலத்திற்கும் போக, நிழல் படாத இடம் 15 அடிக்கு 12 அடி; அதாவது 180 சதுர அடி. பாலிக்குப் போதாது, மோனோவுக்குப் போதும். அன்பர் இரண்டு குறிப்புகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஐந்து செய்திகளும் எழுதிய புதிய குறிப்பு ஒன்றை வேறிடத்திற் கேட்டிருக்கிறார். அவர் துணைவியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இவ்வளவும் வைத்தபின் வடாம் காயவைக்க இடம் இருக்குமா?" என்று வினவினார். ஒரு பாய் விரிக்க இடம் இருக்கும் என்று கணக்கிட்டுச் சொன்னோம்.